மேற்கோள் மரபும் நம் எல்லைப்புற வரலாறும்

நன்றி மறவாமையைத் தமிழர் தலையாய அறங்களுள் ஒன்றாகப் போற்றினர். வள்ளுவப் பெருந்தகை அதற்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். பொருளால் செய்த உதவிக்கும் உழைப்பால் செய்த உதவிக்கும் நாம் நன்றி கூறுகிறோம். அறிவால் செய்த உதவிக்கு நன்றி கூறும் வழி யாது? ஒருவர் ஆய்ந்து கண்ட உண்மையை நாம் எடுத்தாளும்போது, ‘இஃது இன்னார் கூறியது, இன்ன நூலில் இன்ன இடத்தில் உள்ளது’ என்று சொல்லுதலே அவ்வழியாகும்.

கல்லூரிகளில் ஆய்வேடு எழுதும் நம் பிள்ளைகள் அடிக்குறிப்பு என்றும் துணைநூற் பட்டியல் என்றும் கேட்டவுடன், அவை மேலைநாட்டார் கொண்டுவந்து சுமத்திய சடங்குகள் என எண்ணிச் சலிப்படைகின்றனர். உண்மையில் அந்நெறி நம் முன்னோர் கைக்கொண்டதே. அது காக்கப்பட்ட இடங்களில் நாம் பெற்றவை எவை, கைவிடப்பட்ட இடங்களில் இழந்தவை எவை, பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறங்களில் வாழும் நமக்கு அது பிறரினும் மிகுதியாக வேண்டப்படுவது ஏன் என்பனவற்றை ஈண்டுக் காண்போம்.

இலக்கணம் வகுத்த நெறி

தமிழில் கிடைத்துள்ள இலக்கண நூல்களுள் மிகப் பழையதாகிய தொல்காப்பியத்தைப் புரட்டுவோர் கண்ணில் ‘என்ப’, ‘மொழிப’, ‘என்மனார் புலவர்’ என்னும் தொடர்கள் பலமுறை படும். தமக்கு முன்னர் இலக்கணம் கண்ட சான்றோர் இருந்தனர் என்பதை ஆசிரியர் மறைக்கவில்லை. மரபியலில் நூல்களை முதல்நூல், வழிநூல் எனப் பிரித்து, வழிநூல் செய்யும் முறையைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காகவும் வகுத்துள்ளார். ஒருவன் இயற்றிய நூல் அவன் தானே கண்டதா, பிறர் கண்டதைச் சுருக்கியதா, விரித்ததா, வேற்றுமொழியினின்றும் பெயர்த்ததா என்பது கற்போர்க்குத் தெரிந்திருக்க வேண்டும் என்னும் கருத்து இவ்வகுப்பில் அடங்கியிருக்கிறது.

பின்வந்த பவணந்தி முனிவர் நன்னூலில் எழுவகை மதம் கூறினார். பிறர் கொள்கைக்கு உடன்படுதல், அதனை மறுத்தல், முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதல், இருவர் மாறுபட்டவிடத்து ஒன்றைத் துணிதல் என்பன அவற்றுட் சில. பிறர் கூறியது இது, தாம் கூறுவது இது என்று வேறுபிரித்துக் காட்டாமல் இவற்றுள் ஒன்றையேனும் செய்தல் இயலுமோ? இயலாதன்றோ! ஆகவே மேற்கோள் நெறி தமிழ் நூல்நெறியின் உள்ளேயே இருந்தது எனத் துணியலாம்.

உரை வந்த வழி

இறையனார் களவியல் உரை தன்னுடைய வரலாற்றைத் தானே கூறும் அரிய நூலாகும். நக்கீரனார் கண்ட உரை அவர் மகனார் கீரவி கொற்றனார் முதலாகத் தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்து, முசிறியாசிரியர் நீலகண்டனாரிடம் சேர்ந்தது என ஒவ்வொருவர் பெயரையும் அது வரிசையாக நிரல்படுத்துகிறது. எழுதாக் கிளவியாக வந்த ஒன்றுக்கும் வந்த வழியைச் சொல்ல வேண்டும் என்று அக்காலத்தார் கருதினர்.

இதிலேயே நமக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. முசிறி என்றவுடன் அது சேரநாட்டுத் துறைமுகமே என்று எழுதிவிடக் கை துடிக்கும். திருச்சிராப்பள்ளியை அடுத்தும் முசிறி என ஓர் ஊர் உண்டு. பெயர் ஒன்றை மட்டும் சான்றாகக் கொண்டு நீலகண்டனாரை நம் நாட்டினர் ஆக்கிக்கொள்ளுதல் முறையன்று.

முச்சங்க வரலாறும் இவ்வுரையிலிருந்தே விரிவாக நமக்குக் கிடைக்கிறது. தலைச்சங்கம் 4440 ஆண்டும், இடைச்சங்கம் 3700 ஆண்டும், கடைச்சங்கம் 1850 ஆண்டும் நிலவின என்பது அவ்வுரை தரும் கணக்கு. நம் சங்க விழா மேடைகளில் இவ்வெண்கள் முழங்காத ஆண்டில்லை. அவற்றைக் கூறுதல் பிழையன்று. ‘இறையனார் களவியல் உரை இவ்வாறு கூறுகிறது’ என்று கூறினால் கேட்போர் எவரும் மறுக்க மாட்டார். ‘வரலாறு இவ்வாறு கூறுகிறது’ என்று முழங்கினால், மலையாள நண்பர் ஒருவர் எழுந்து ‘எந்த வரலாறு?’ என்று கேட்கும்போது நம் பிள்ளைகள் விடையின்றி நிற்பர். இரண்டு கூற்றுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு நூற்பெயரேயாம். அப்பெயரில்தான் நம் நன்மதிப்பு அடங்கியுள்ளது.

பெயர் சொன்னதால் பிழைத்தவை

கறையானுக்கும் நீருக்கும் நெருப்புக்கும் இரையான ஏடுகள் எண்ணில. முழுநூலும் மறைந்த பின்னரும் சில பாடல்கள் பிழைத்து நிற்கின்றன. அவற்றைப் பிழைக்க வைத்தவர் மேற்கோள் காட்டியவர்களே.

மூவேந்தரையும் பாடிய முத்தொள்ளாயிரம் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு என்னும் தொகைநூல் அதிலிருந்து எடுத்து வைத்த பாடல்களே இன்று நாம் படித்து மகிழும் முத்தொள்ளாயிரம். ஐம்பெருங் காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் இவ்வாறே சில பாடல்களளவில் உயிர்வாழ்கின்றன. அவிநயம், காக்கைபாடினியம் முதலிய பழைய இலக்கணங்களை யாப்பருங்கல விருத்தியுரைகாரர் பெயர் சுட்டி எடுத்தாண்டிராவிடில், அவற்றின் நூற்பாக்களும் நமக்கு எட்டியிரா. மயிலை சீனி. வேங்கடசாமி ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என ஒரு நூலே எழுத முடிந்தது, முன்னோர் காட்டிய மேற்கோள்கள் இருந்தமையால்தான்.

சேரநாட்டில் குடியேறி வாழும் நமக்கு இதனினும் நெருங்கிய சான்று பதிற்றுப்பத்து. சேர மன்னர் பதின்மரைப் பதின்மர் பாடிய அத்தொகையில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைத்தில. அவற்றைச் சார்ந்தனவாக நாம் அறியும் ஒருசில பாடல்கள் தொல்காப்பிய உரையிலிருந்தும் புறத்திரட்டிலிருந்தும் பெறப்பட்டவை. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை எறிந்த போரைக் கூறும் தகடூர் யாத்திரையின் எஞ்சிய பாடல்களும் அவ்வாறு வந்தனவே. கேரள மண்ணின் தொல்வரலாற்றை எழுதப் புகும் எவரும், அவர் எம்மொழியினராயினும், இவ்வுரையாசிரியர்க்கும் தொகுத்தோர்க்கும் கடன்பட்டவராவர்.

பெயரின்றிப் போனவை

மறுபக்கத்தையும் காணல் வேண்டும். திருக்குறளுக்கு உரை கண்டவர் பதின்மர் என ஒரு பழம்பாடல் பெயர் கூறுகிறது. மணக்குடவர், பரிப்பெருமாள், பரிதியார், காளிங்கர், பரிமேலழகர் ஆகிய ஐவர் உரைகளே இன்று உள்ளன. தருமர், தாமத்தர், நச்சர், திருமலையர், மல்லர் ஆகிய ஐவர் வெறும் பெயரளவில் நிற்கின்றனர். பரிமேலழகர் பிறர் உரைகளைப் பல இடங்களில் எடுத்துக்காட்டி ஏற்கவும் மறுக்கவும் செய்கிறார். ஆயினும் ‘என்று உரைப்பாரும் உளர்’ என்னும் அளவில் நிறுத்திவிடுகிறார். அவ்வுரைப்பாருள் தருமர் யார், மல்லர் யார் என்று இன்று எவராலும் பிரித்தறிய இயலவில்லை. பெயரையும் எழுதியிருப்பின், மறைந்த ஐவர் உரையிலும் ஒரு பகுதியேனும் நமக்கு மீண்டிருக்கும்.

நச்சினார்க்கினியரும் பல இடங்களில் ‘என்றார் பிறரும்’ என்று கூறி அமைந்தார். சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கப் புகுந்த உ.வே. சாமிநாதையர், அவ்வுரையில் வரும் மேற்கோள்கள் எந்நூலைச் சார்ந்தவை என்றறியாது பட்ட இடர்ப்பாட்டைத் தம் வாழ்க்கை வரலாற்றில் விரித்துரைத்துள்ளார். பின்னர்ச் சங்க நூல்களின் ஏடுகள் கிடைத்து, அவற்றை ஊன்றிப் படித்த பிறகே பல மேற்கோள்களின் பிறப்பிடம் அவருக்குப் புலனாயிற்று. சிந்தாமணி 1887ஆம் ஆண்டிலும், பத்துப்பாட்டு 1889ஆம் ஆண்டிலும், சிலப்பதிகாரம் 1892ஆம் ஆண்டிலும், புறநானூறு 1894ஆம் ஆண்டிலும் அவர் கையால் அச்சேறின.

தாம் பட்ட இடர் பிறர் படலாகாது என்று கருதினார் போலும் அப்பெரியார். தம் பதிப்புகளில் ஏட்டுச்சுவடிகள் எங்கிருந்து கிடைத்தன என்பதை முன்னுரையில் எழுதினார், பாடவேறுபாடுகளைக் குறித்தார், மேற்கோள்களுக்கு அகராதி அமைத்தார். இடம் விளங்காதவற்றையும் மறைக்காமல் ‘விளங்கா மேற்கோள்’ எனத் தனியே நிரல்படுத்தினார். தெரிந்ததற்குச் சான்று காட்டுதல் புலமை. தெரியாததைத் தெரியாதென நிரல்படுத்துதல் நேர்மை. இரண்டும் ஒருங்கே அமைந்தமையால்தான் ஒரு நூற்றாண்டு கடந்தும் அவர் பதிப்புகளை நாம் நம்பி எடுத்தாள்கிறோம்.

நெடுவேள்குன்றம் எது?

இனி நம் எல்லைக்கே வருவோம். மதுரையை விட்டு நீங்கிய கண்ணகி வையைக் கரைவழியே மேற்கு நோக்கி நடந்து நெடுவேள்குன்றம் ஏறினாள் என்றும், வேங்கை மர நிழலில் நின்று விண்ணுலகு சென்றாள் என்றும் சிலப்பதிகாரம் கூறுகிறது. அக்குன்றம் எது?

சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் அது கொடுங்கோளூரை அடுத்த செங்குன்று என்னும் மலை என்கிறார். திருச்செங்கோடு என்று கொள்வாரும் உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. அதனை எடுத்துக்காட்டியே மறுக்கிறார். திருச்செங்கோடு வஞ்சிக்கு நெடுந்தொலைவில் உள்ளது என்பதும், மலைவளம் காணச் சென்ற செங்குட்டுவன் அன்றே வஞ்சிக்கு மீண்டான் என்பதும் அவர் காட்டும் காரணங்கள்.

1963ஆம் ஆண்டில் பேராசிரியர் சி. கோவிந்தராசனார், குமுளியை அடுத்த மலைமேல் சிதைந்து கிடக்கும் மங்கலதேவி கோயிலே கண்ணகி கோட்டம் என்று அறிவித்தார். இளங்கோவடிகள் கூறிய வழியைக் கையிற் கொண்டு காலால் நடந்து ஆராய்ந்தவர் அவர். தம் ஆய்வைக் ‘கண்ணகியார் அடிச்சுவட்டில்’ என்னும் நூலாகவும் தந்தார். இன்று சித்திரை முழுநிலவு நாளில் தேனி மாவட்டத்தினரும் இடுக்கி மாவட்டத்தினரும் ஒருங்கே அம்மலை ஏறி வழிபடுகின்றனர். நம் குடும்பங்கள் பலவற்றிற்கு அது ஆண்டுதோறும் செல்லும் திருத்தலம்.

மங்கலதேவியைப் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதும் மாணவர் என் செய்தல் வேண்டும்? கோவிந்தராசனார் கூற்றை மட்டும் எழுதி, அடியார்க்கு நல்லாரை விட்டுவிட்டால் கட்டுரை நமக்கு இனிக்கும். ஆயின் நடுநிலை தவறிவிடும். கொடுங்கோளூரே வஞ்சி எனின், ஒரே நாளில் மலை கண்டு மீண்ட செய்தி குமுளி மலைக்கும் இடராகும். அவ்விடரை எடுத்துக்காட்டி விடை தேட முயலுதலே ஆய்வு. இரா. இராகவையங்கார் ‘வஞ்சிமாநகர்’ என்னும் நூலில் கருவூரே வஞ்சி என்று வாதிட்டுள்ளார். கருவூர் வஞ்சியாயின், திருச்செங்கோட்டுக்கு எதிராக அடியார்க்கு நல்லார் காட்டிய தொலைவுக் காரணம் தளர்ந்துவிடும். இங்ஙனம் ஒவ்வொருவர் கூற்றையும் பெயரொடும் காரணத்தொடும் நிறுத்தினால், படிப்போர் தாமே சீர்தூக்க முடியும்.

அடியார்க்கு நல்லார் வாழ்ந்து பல நூற்றாண்டுகள் கழிந்தும் அவரோடு நாம் இன்று வாதிட முடிகிறது. அவர் முடிவை மட்டும் கூறாது, மறுப்பார் கருத்தையும் தம் காரணத்தையும் எழுதி வைத்தமையே அதற்கு ஏது. மேற்கோளின் முழுப்பயன் இதுவே என்க. அது பின்வருவோர்க்கு நாம் திறந்து வைக்கும் வாயில்.

கல்லும் செம்பும் தாளும்

இலக்கியத்தை விடுத்து அண்மைக்கால வரலாற்றுக்கு வருவோமாயின், நம் எல்லைப்புறத்தின் சான்றுகள் ஓரிடத்தில் இல்லை. பாலக்காட்டு வட்டம் 1956 வரை சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. சித்தூர் கொச்சி அரசைச் சார்ந்திருந்தது. தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூரைச் சார்ந்திருந்தன. 1949 சூலை 1ஆம் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. 1956 நவம்பர் 1ஆம் நாள் கேரளம் அமைந்தது. இடுக்கி மாவட்டம் 1972 சனவரி 26ஆம் நாள்தான் உருவாயிற்று. ஆகவே பாலக்காட்டுத் தமிழரைப் பற்றிய பழைய ஆவணத்தைச் சென்னையிலும் கோழிக்கோட்டிலும், சித்தூர்த் தமிழரைப் பற்றியதை எறணாகுளத்திலும், மூணாற்றுத் தமிழரைப் பற்றியதைத் திருவனந்தபுரத்திலும் ஆவணக் காப்பகங்களில் தேட வேண்டியிருக்கும். எக்காப்பகம், எக்கோப்பு, எந்நாள் என்று குறிக்காமல் ஒருவர் எழுதிவிட்டால், அடுத்து வருபவர் அதே நான்கு ஊர்களுக்கும் மீண்டும் அலைய நேரும்.

அலுவலகக் கோப்புகளோடு காலம் கழிக்கும் நமக்கு இதன் அருமை நன்கு தெரியும். எண்ணும் நாளும் இல்லாத கடிதம் எவ்வளவு உண்மையானதாயினும் கோப்பில் பயன்படாது. 1877 சூலை 11ஆம் நாள் பூஞ்சாற்று அரசர் சான் டேனியல் மன்றோவுக்குக் கண்ணன் தேவன் மலைகளை உரிமை வழங்கினார் என்றும், 1886 அக்டோபர் 29ஆம் நாள் பெரியாற்று நீருக்கு 999 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது என்றும் இன்று நாம் உறுதியாகக் கூற முடிவது, அவ்வாவணங்கள் நாளொடு நிற்பதனால். தேநீர்க்கடைப் பேச்சில் இவற்றைப் பற்றி வழங்கும் கதைகளோ பலப்பல.

கல்வெட்டுக்கும் செப்பேட்டுக்கும் இதே நெறிதான். கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு சேரமன்னன் தாணுரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், கி.பி. 849இல், அளிக்கப்பட்டது. ‘ஒரு பழைய செப்பேடு கூறுகிறது’ என எழுதுவதால் பயனில்லை. ஊர், அரசன், ஆட்சியாண்டு, அதனைப் பதிப்பித்தவர், தொகுதி, எண் ஆகிய இவை வேண்டும். எம்.ஜி.எஸ். நாராயணன் 1972இல் கேரளப் பல்கலைக்கழகத்திற்கு அளித்த ஆய்வேடு 1996இல் ‘கேரளத்துப் பெருமாக்கள்’ எனப் பொருள்படும் பெயருடன் ஆங்கில நூலாக வெளிவந்தது. அவர் முடிவுகளை ஏற்காதவரும் அவ்வாய்வை ஒதுக்க முடியாமைக்குக் காரணம், அது கல்வெட்டுகளை ஒவ்வொன்றாகச் சுட்டி எழுந்தமையேயாகும்.

முதியோர் வாய்மொழியும் சான்றே. அதனைக் கையாளுதற்கு மிகுந்த கருத்து வேண்டும். மூணாற்று முதியோர் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்பர். அறியாத மாணவர் அதனை 1899 என்றோ 1999 என்றோ எழுதிவிடக்கூடும். அது கொல்லம் ஆண்டு 1099. ஆங்கிலக் கணக்கில் 1924 சூலை. குண்டலைப் பள்ளத்தாக்கின் இருப்புப்பாதையை அழித்த பெருவெள்ளம் அதுவே. ஆதலின் முதியவர் சொன்ன சொல்லை அவர் சொன்னவாறே முதலில் எழுதுக. சொன்னவர் யார், எவ்வூரினர், எந்நாளில் சொன்னார் என்பவற்றை அருகே குறிக்க. நாம் கொள்ளும் பொருளைத் தனியே எழுதுக.

மாணவர்க்குச் சில சொற்கள்

பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டில் இதற்கென விதிகள் வெளியிட்டுள்ளது. ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டுக்கு மேல் 40 விழுக்காடு வரை இருப்பின், ஆறு மாதத்துக்கு மேற்படாத காலத்துள் திருத்தி அளித்தல் வேண்டும்; 60 விழுக்காடு வரையாயின் ஓராண்டுக் காலம் திருத்திய ஏட்டை அளிக்க இயலாது; அதற்கும் மேலாயின் பதிவே நீக்கப்படும். உரியவாறு பெயர் சுட்டிக் காட்டிய மேற்கோள் இக்கணக்கில் சேராது. கணிப்பொறி பிடிக்கும் என்னும் அச்சத்தால் மட்டும் நேர்மை பேணுதல் போதாது. சொற்களை மாற்றி எழுதிக் கணிப்பொறியை ஏமாற்றிவிடலாம். பிறர் கருத்தைத் தமதாகக் காட்டிய பழி அதனால் நீங்காது.

ஆதலின் நான்கு கடைப்பிடிகளைக் கூறி அமைவோம். பிறர் சொற்களை அவ்வாறே எடுத்தால் மேற்கோட்குறி இடுக. பிறர் கருத்தை நம் சொல்லில் எழுதினாலும் அவர் பெயரைச் சுட்டுக. மூலநூலை நாம் காணாமல் மற்றொருவர் நூலில் அதன் பகுதியைக் கண்டிருந்தால், கண்ட நூலையே சொல்லுக. மூலத்தையே கண்டதுபோல் எழுதற்க. பதிப்பு, ஆண்டு, பக்கம் ஆகியவற்றைப் படிக்கும்போதே குறித்துக்கொள்க. ஏட்டை ஒப்படைக்கும் முன்னிரவில் அவை கிடைக்கமாட்டா.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. தோட்டத்தில் பேர் பதிந்த சீட்டு, கங்காணி கொடுத்த கணக்கு, கோயில் திருவிழா அறிக்கை, பழைய குடும்ப அட்டை, ஊரிலிருந்து வந்த கடிதம் ஆகியவற்றைத் தகரப்பெட்டியின் அடியில் வைத்து மறந்துவிட வேண்டா. பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது குப்பையோடு எரித்துவிடவும் வேண்டா. ஒவ்வொன்றின் பின்புறத்திலும் அது யாருடையது, எவ்வாண்டினது என்று பென்சிலால் எழுதி வைத்தாலே போதும். இம்மலைகளில் தேயிலையும் ஏலமும் வளர்த்த கைகளைப் பற்றி நாளை ஒரு மாணவி ஆய்வேடு எழுதுவாள். ‘எம் முன்னோர் இங்கு உழைத்தனர்’ என்று அவள் எழுதும்போது, ‘சான்று எங்கே?’ என்று கேட்பார் கேட்பர். அவர்க்குக் காட்ட அவளிடம் ஒரு தாள் இருத்தல் வேண்டும். அதனை அவள் கையில் சேர்ப்பது நம் கடன்.